எழுபது என்று எழுதினேன்

தெற்கு லண்டனில், ஸ்ட்ரெதமிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு பவர் ஹவுஸ் இருந்தது. அதில் நான் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். பவர் ஹவுஸ் என்றதும் ஊருக்கே வெளிச்சம் கொடுக்கிற பெரிய மின்நிலையம் என்று நினைத்துவிட வேண்டாம். சுற்றியிருந்த ஐந்து அடுக்குமாடிகளுக்கு மட்டும் உரியது அது. மூன்று கொதிகலன்கள், இரண்டு எஞ்சின்கள், ஒரு புகைக்கூண்டு, பின்பக்கம் ஓர் எண்ணெய்த் தொட்டி. எஞ்சின்கள் லிப்டுக்கும் மாடிப்படி விளக்குகளுக்கும் மின்சாரம் கொடுத்தன. கொதிகலன்கள் நீரைச் சூடாக்கி நிலத்தடிக் குழாய்களில் அனுப்பின. வழக்கமாகக் காஸில் ஓடும். கடுங்குளிரில் காஸுக்குத் தட்டுப்பாடு வந்தால் எண்ணெய்க்கு மாற்றுவோம். அறுநூறு வீடுகளுக்கு அதுதான் சூடு. அந்த வீடுகளில் தனிக் கொதிகலன் கிடையாது. நாங்கள் எதை அனுப்பினோமோ அதுதான் அவர்களின் ரேடியேட்டரில் ஓடியது.

எல்லாமே பழசு. ஒரு வால்வை மூடினால் இன்னொன்று கசியும். வெளியே போகும் நீரின் சூட்டைக் காகிதத்தில் கோடாக வரைகிற ஒரு கருவி இருந்தது. அது நான் சேர்ந்த சில வருடங்களிலேயே கெட்டுப்போனது. அதற்கு உதிரிப்பாகம் உலகத்தில் எங்கும் இல்லை என்று அலுவலகம் கையை விரித்துவிட்டது. அன்றிலிருந்து பதிவேடுதான் கதி. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஷிப்டில் இருப்பவர் எழுந்து போய், குழாயில் இருந்த வெப்பமானியைப் பார்த்து, சூடு எவ்வளவு என்று எழுத வேண்டும். நான் எழுதினால் அழகாக எழுதுவேன். என் கையெழுத்தை மேற்பார்வையாளர் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அழகாக எழுதியதால்தான் எல்லோரும் நம்பினார்கள்.

என் அக்கா அந்த அடுக்குமாடிகளில் ஒன்றில், பதினோராம் மாடியில் இருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், பதினைந்து வருடம் அங்கே இருந்து, மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று புருஷனோடு லண்டனுக்கு வந்தவள். வந்த நான்காம் வருடம் அத்தான் இறந்துவிட்டார். மகள் கல்யாணம் முடித்துச் சட்டனில் வீடு வாங்கினாள். அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி எத்தனையோ தடவை கெஞ்சினாள். அக்கா அசையவில்லை. அவளுக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா, இருந்தது. குளிர்காற்று பட்டால் நெஞ்சு இழுக்கும், ஐந்து நிமிடம் பேச மாட்டாள். ஆனாலும் அந்த வீட்டை விடமாட்டேன் என்று நின்றதற்கு அவள் சொன்ன காரணம் நான்தான்.

"உன்ரை மாமா கீழை நிண்டு வீட்டைச் சூடாக்கித் தாறான். நான் ஏன் சட்டனுக்கு வரவேணும்?" என்று மகளிடம் சொல்வாள்.

ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதுவரை எண்பது டிகிரியில் அனுப்பிய நீரை இனி எழுபதில் அனுப்ப வேண்டும். காஸைச் சேமிப்பதற்காம். மேசையில் இருந்து எழுதுகிறவனுக்கு எண்பதும் எழுபதும் ஒன்றுதான். பழைய குழாய், பழைய ரேடியேட்டர், ஓட்டை ஜன்னல். பதினோராம் மாடிக்குப் போய்ச் சேரும்போது அந்த எழுபது என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். எங்களை யாரும் கேட்கவில்லை. கடிதத்தைச் சுவரில் ஒட்டினோம், எழுபதுக்கு இறக்கினோம்.

மூன்றாம் நாள் காலையில் அக்காவின் போன் வந்தது.

"தம்பி, வீட்டுக்குள்ளை விரல் விறைக்குது. உங்கட பொயிலர் பழுதாப் போச்சே?"

இடையில் நிறுத்தி நிறுத்தித்தான் அவளால் அதைச் சொல்ல முடிந்தது. அந்த இழுப்பைக் கேட்டுக்கொண்டு என்னால் கடிதத்தைப் பற்றிப் பேச முடியவில்லை.

"பொறுங்கோ அக்கா, பாக்கிறன்" என்றேன்.

போய் எழுபத்தெட்டில் வைத்தேன். மத்தியானம் அவளே மறுபடி எடுத்தாள். "இப்ப நல்லாக் கிடக்கு. நீ கை வைச்சா மெசின் சொல்லுக் கேக்குது" என்றாள். நான் ஏதோ பழுது பார்த்தேன் என்றுதான் அவள் நினைத்தாள். நானும் அப்படியே நினைக்க விட்டேன். பிறகு பதிவேட்டைத் திறந்து, என் அழகான கையெழுத்தில், எழுபது என்று எழுதினேன்.

அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் கானா நாட்டுக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். நல்ல மனிதர், ஆனால் வேலையில் கறார். மானியைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மேலே கையைக் காட்டி, என் அக்கா என்றேன். அவருடைய மனைவியின் தாயும் மூன்றாவது கட்டடத்தில் இருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் பேனாவை வாங்கி, அடுத்த வரியில் எழுபது என்று எழுதினார். அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. ஷிப்ட் மாறும்போது மானியைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். மேல் வரியைப் பார்த்துக் கீழ் வரி, அவ்வளவுதான். பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களும் அப்படியே பழகிக்கொண்டார்கள்.

பதினொரு குளிர்காலம் இப்படிப் போனது. ஒரு பெண்ணின் நெஞ்சு இழுக்கக் கூடாது என்பதற்காக அறுநூறு வீடுகளைச் சூடாக்கினேன். ஜனவரி மாதத்தில் சனம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பனியன் போட்டு நிற்பதைக் கீழே நின்று பார்த்திருக்கிறேன். உள்ளுக்குள் சிரிப்பு வரும். அக்கா ஆர்ச்வே கோயில் தேருக்குப் போனால், அங்கே கண்ட ஆட்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் தேரே ஒரு சுற்று வந்துவிடும். தம்பி எஞ்சினியர் என்பாள். நான் எஞ்சினியர் இல்லை அக்கா, ஒப்பரேட்டர் என்று திருத்துவேன். ரெண்டும் ஒண்டுதான் என்பாள். எனக்கும் அது பிடித்திருந்தது, அதை மறைத்து என்ன பயன்.

பிறகு ஒரு வசந்தத்தில் கவுன்சில் ஓர் இளம் பொறியாளரை அனுப்பியது. மரியாதையான பெண். பவர் ஹவுஸை மூடிவிட்டு, பக்கத்திலேயே வெப்பப் பம்புகள் வைத்துப் புதியது கட்டப் போகிறார்களாம். காற்றிலிருந்து சூட்டை எடுக்கிற இயந்திரங்கள். எங்கள் பழைய பதிவேடுகளை எல்லாம் பெட்டியில் அடுக்கித் தரச் சொல்லிக் கேட்டாள். நானே தூக்கிக்கொண்டுபோய் அவளுடைய காரில் ஏற்றினேன்.

நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. நான் அதை எங்கள் சாப்பாட்டு அறையில் இருந்து வாசித்தேன். அதில் இரண்டு விஷயம் இருந்தது. எரித்த காஸுக்கும் பதிவான சூட்டுக்கும் பொருந்தவே இல்லை, ஆகவே இந்தக் கொதிகலன்கள் எரிபொருளை வீணாக்குகின்றன, திருத்திப் பயனில்லை என்பது ஒன்று. இந்த வீடுகள் பதினொரு குளிர்காலமாக எழுபது டிகிரியில் முறைப்பாடு இல்லாமல் இருந்திருக்கின்றன, ஆகவே புதிய நிலையத்தையும் எழுபதிலேயே வைக்கலாம் என்பது மற்றது.

என் கொதிகலன்கள் வீணாக்கவில்லை. அவை வாங்கிய காஸுக்கு ஒழுங்காகச் சூடு கொடுத்தன. அந்தச் சூட்டை நான்தான் எழுதவில்லை. கிழட்டு இயந்திரங்கள் மேல் நான் போட்ட பழி அது. இரண்டாவது விஷயத்தை அன்று நான் அவ்வளவு யோசிக்கவில்லை. புதிய இயந்திரம், புதிய தொழில்நுட்பம், எப்படியோ சமாளிப்பார்கள் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். சொல்லிவிடலாமா என்று கானாக்காரரிடம் கேட்டேன். தனக்கு ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருக்கிறது, பிறகு ஊருக்குப் போய்விடுவேன் என்றார். அவரைக் காரணம் காட்டி நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த குளிர்காலமும் அப்படியே போன பிறகுதான் புதிய நிலையம் தயாரானது. கொதிகலன்களை நிறுத்திய அன்று மூன்றாவதை அணைக்கிற வேலை என்னிடம் வந்தது. காஸ் வால்வை மூடினேன். உள்ளே இருந்த சுடர் ஒரு முறை நீலமாக எழும்பி அடங்கியது. அது முழுதாக ஆறுவதற்கு ஒன்றரை நாள் எடுத்தது. நான் இடையிடையே போய் அதன் மேல் கை வைத்துப் பார்த்தேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

புதிய நிலையத்துக்கு ஆட்கள் தேவைப்படவில்லை. எல்லாம் கணினி. நான் ஓய்வு பெற்றேன். அந்த வருடம் நவம்பர் மாதம் பிறந்ததுமே அடுக்குமாடிகள் குளிர்ந்துபோயின. பழைய ரேடியேட்டர்களுக்கு எழுபது போதவில்லை. மேல் மாடிகளுக்குச் சுத்தமாகப் போதவில்லை. சனம் கவுன்சிலுக்குப் போன் மேல் போன் அடித்தது. கடைசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் சமூக மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அக்காவைக் கையில் பிடித்து நான்தான் கூட்டிப் போனேன்.

அந்த இளம் பொறியாளர் எழுந்து பேசினாள். பழைய நிலையத்திலும் இதே எழுபதுதான், பதிவேடுகள் இருக்கின்றன, புதிய முறைக்குப் பழக உடம்புக்குக் கொஞ்சக் காலம் எடுக்கும் என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். அந்தப் பதிவேடு பொய், எழுதினவன் பொய்யன் என்றார். பலர் கை தட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் பக்கத்துக் கதிரை அசைந்தது. அக்கா எழும்பி நின்றாள். நாலு பேர் முன்னால் ஆங்கிலம் பேசச் சொன்னால் ஒளிந்துகொள்கிறவள் அவள். மூச்சை எடுத்து எடுத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் புத்தகத்தை எழுதியது என் தம்பி. இதோ இருக்கிறான். அவன் பொய் எழுத மாட்டான். எழுபது என்று எழுதினால் அது எழுபதுதான். எங்களுக்கு வயதாகிவிட்டது, அதுதான் குளிர்கிறது. சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கத்தியவர் என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். நான் அவருக்குக் கை கொடுத்தேன். கை கொடுத்தேன் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

திரும்பி வரும்போது லிப்டில் அக்கா கோபமாக இருந்தாள். "உன்னைப் பொய்க்காரன் எண்டு நாலு பேருக்கு முன்னாலை சொல்ல, நான் பாத்துக்கொண்டு இருப்பனே?" என்றாள். அந்தக் கோபத்தில் அவளுக்கு இழுப்பு வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் குளிர்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. நான் போகும்போதெல்லாம் இரண்டு ஸ்வெட்டரும், அத்தானின் பழைய கோட்டும், கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு சோபாவில் இருப்பாள். கேட்டால், "நல்லாத்தான் கிடக்கு" என்பாள். சட்டனுக்குப் போகலாமே என்றால், "இப்ப போனா சனம் என்ன சொல்லும்? கூட்டத்திலை கதைச்சுப்போட்டு ஓடிட்டாள் எண்டு சொல்லும்" என்பாள்.

டிசம்பரில் ஒரு மின்சார ஹீட்டர் வாங்கிக்கொண்டு போனேன். அடுத்த முறை போனபோது அது துணி அலுமாரிக்குள், பெட்டி பிரிக்காமல் இருந்தது.

"ஏன் அக்கா, போடேல்லையே?"

"பக்கத்து வீட்டு மனுசி வந்து போறவ. கண்டா விடுவாவே? தம்பி எழுதினது சரியெண்டா அக்காவுக்கு ஏன் ஹீட்டர் எண்டு கேப்பா."

"ஆர் என்ன கேட்டா என்ன? உங்களுக்கு ஏலாமல் இருக்கெல்லே?"

"எனக்கு ஏலும். நீ தேத்தண்ணியைக் குடி, ஆறுது."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா, நான் எழுதினது பொய், உங்களுக்காகத்தான் எழுதினேன், ஹீட்டரைப் போடுங்கள். இவ்வளவுதான். வாய் வரைக்கும் வந்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அகதியாக வந்த எங்கள் குடும்பத்தில் யார் யாரோ எதையெதையோ மறைத்துப் பிழைத்தோம். அக்காவின் கணக்கில் நான் ஒருத்தன்தான் நேரானவன். அதை அவள் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை என்று அன்று சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பயம். தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி நடுவில் நியூமோனியா. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். அங்கே வார்ட் நல்ல சூடு. மெல்லிய சட்டையோடு படுத்திருந்தவளைப் பார்க்க, இரண்டு மாதத்தில் எவ்வளவு மெலிந்துவிட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கோட்டும் ஸ்வெட்டரும் அதை மறைத்திருந்தன. முதல் மூன்று நாள் பேசினாள். பிறகு சுவாச முகமூடியைப் போட்டுவிட்டார்கள். பத்தாம் நாள் காலையில் போய்விட்டாள். நுரையீரல் ஏற்கெனவே தேய்ந்திருந்தது என்று டொக்டர் சொன்னார். வீட்டுக் குளிரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசுகிறேன். அந்தக் குளிர் இல்லாவிட்டால் அவள் இன்னும் சில வருடம் இருந்திருப்பாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். அந்தப் பொறியாளரைப் பார்க்க வேண்டும் என்றேன். கீழே இறங்கி வந்து, என்னை ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப் போனாள். எல்லாவற்றையும் சொன்னேன். எழுபத்தெட்டு, பன்னிரண்டு குளிர்காலம், யார் தொடங்கியது, எதற்காக. கானாக்காரரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கணினியில் குறித்துக்கொண்டாள். என்னைப் போலீஸில் கொடுப்பார்கள், குறைந்தது திட்டவாவது திட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவள் முகத்தில் ஒரு தெளிவுதான் வந்தது. காஸ் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்பது இப்போது புரிகிறது என்றாள்.

"இனி என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

கடுங்குளிர் நாட்களுக்கென்று புதிய நிலையத்தில் இரண்டு காஸ் கொதிகலன்கள் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்து ஓட்டினால் எழுபத்தெட்டுக்குக் கொண்டுபோகலாம், அனுமதி வாங்க இரண்டு நாள் எடுக்கும் என்றாள். ரேடியேட்டர்களைப் பெரிதாக மாற்றிவிட்டால் பிறகு குறைக்கலாமாம். நான் எழும்பினேன். அவள் கதவைத் திறந்துவிட்டு, எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள். இது முன்பே தெரிந்திருந்தால் நவம்பரிலேயே செய்திருப்போம்.

மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் தொடக்கத்தில் அக்காவின் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டியிருந்தது. மருமகள், அக்காவின் மகள், சட்டனிலிருந்து வந்திருந்தாள். இரண்டு பேருமாகச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினோம். கதவைத் திறந்து உள்ளே போகும்போதே முகத்தில் சூடு அடித்தது. சிறிது நேரத்தில் அவள் ஜாக்கெட்டைக் கழற்றினாள். ரேடியேட்டரில் கை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அவள் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள், மாமா என்று கூப்பிடுவது ஒன்றுதான் தமிழ்.

"மாமா, அம்மா இருக்கும்போது இது இப்படிச் சுட்டதே இல்லையே. யார் திருத்தியது?" என்று கேட்டாள்.

யாரோ திருத்தியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கியிருக்கலாம். ஒரு பொய்யோடு இன்னொன்று. ஏனோ அன்று முடியவில்லை.

"நான்தான்" என்றேன்.

"அப்படியென்றால் ஏன் முன்பே செய்யவில்லை?"

வெறும் தரையில் உட்கார்ந்து அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கூட்டத்தில் எழும்பி நின்றதை, ஹீட்டரை அலுமாரியில் வைத்ததை, நான் தேநீரைக் குடித்துவிட்டு வந்ததை. அழுதுகொண்டுதான் சொன்னேன். அவள் அழவில்லை. கடைசிவரை கேட்டாள். பிறகு எழும்பிப் போய் ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டு, மிச்சப் பெட்டிகளை ஒவ்வொன்றாக அவளே தூக்கிக்கொண்டு போனாள். என்னை ஒரு பெட்டியையும் தொட விடவில்லை.

ஒன்றரை வருடமாகிறது. என்னை ஒதுக்கிவைக்கவில்லை. அக்காவின் முதல் வருட ஆட்டைத் திவசத்துக்குக் கூப்பிட்டாள், சித்திரை வருடப் பிறப்புக்குக் கூப்பிட்டாள். நான் போகிறேன். சாப்பாடு போடுகிறாள், பிரஷர் மாத்திரை ஒழுங்காக எடுக்கிறேனா என்று விசாரிக்கிறாள். மாமா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.